அத்தியாயம் 7: பார்மட் அடித்தாலும் போகாத இடம்

சேது யாத்திரை வருகிறவர்கள் நேரே ராமேஸ்வரத்துக்கு ஓடுவதில்லை. முதலில் உப்பூர் வெயிலுகந்த விநாயகர், அடுத்து தேவிபட்டினத்தில் கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம், அதன் பிறகுதான் ராமேஸ்வரம் என்று பெரியவர்கள் வரிசை வைத்திருக்கிறார்கள். கம்ப்யூட்டருக்கும் அப்படி ஒரு வரிசை உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும் அது விண்டோஸுக்குப் போய்விடாது. பழைய வகைக் கம்ப்யூட்டர் என்றால், முதலில் டிஸ்க்கின் முதல் செக்டாருக்குப் போய், "அடுத்து எங்கே போகணும்?" என்று கேட்கும். அங்கே என்ன பதில் கிடைக்கிறதோ அதை அப்படியே நம்பி மேலே நடக்கும். அந்த முதல் படியில் திருடன் உட்கார்ந்து வழி சொன்னாலும் நம்பும்.

சில வருடங்களுக்கு முன் ஓர் ஆடி அமாவாசை. தர்ப்பணம் கொடுக்க வந்த கூட்டத்தில் தேவிபட்டினம் திணறிக்கொண்டிருந்தது. நவபாஷாணம் போகும் வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தம்பியிடமிருந்து போன்.

"அண்ணே, கரண்டு போயிட்டு வந்துச்சு. சிஸ்டம் கருப்பாவே நிக்குது. ஓரத்துல கோடு மட்டும் மினுக்குது. வெளியே இருபது பேர் நிக்கிறாங்க."

"பென்டிரைவ் ஏதும் சொருகியிருக்கா, பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஆமாண்ணே. பஸ் டிக்கெட் பிரிண்ட் எடுக்க ஒருத்தர் குடுத்தாரு."

"அதை உருவிட்டு ரீஸ்டார்ட் பண்ணு."

விண்டோஸ் வந்துவிட்டது. அன்று வைரஸ் எதுவும் இல்லை. ஆனால் நடந்ததைக் கவனியுங்கள். கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தன் ஹார்ட் டிஸ்க்கைத் தேடாமல், யாரென்றே தெரியாத ஒருவரின் பென்டிரைவிடம் வழி கேட்டது. அந்தப் பென்டிரைவின் முதல் செக்டாரில் இருந்த சிறு புரோகிராமை ஓட்டியும் பார்த்துவிட்டது. அந்த நேரத்தில் ஆன்டிவைரஸ் இன்னும் எழுந்திருக்கவே இல்லை. கெட்டது ஏதாவது அங்கே இருந்திருந்தால் தடுக்க ஆளில்லை.

இந்த அத்தியாயத்தில் மூன்று வேலைகள்: முதல் செக்டாரை ஸ்கேன் செய்ய ஆன்டிவைரஸுக்குச் சொல்வது, விண்டோஸ் எழும் முன்பே ஸ்கேன் ஓட்டுவது, வழி கேட்கும் வரிசையைச் சரிசெய்வது. மூன்றில் ஒன்றை விட்டாலும் மற்ற இரண்டும் அரை வேலைதான்.

7.1 அந்த 512 பைட்

பழைய முறை டிஸ்க்கின் முதல் செக்டாருக்கு மாஸ்டர் பூட் ரெக்கார்ட் என்று பெயர். கடைகளில் சுருக்கமாக எம்பிஆர். அதன் அளவு 512 பைட். யூனிகோடு தமிழில் தட்டினால் சுமார் 170 குறியீடுகள் மட்டுமே அடங்கும். இந்தப் பத்தியே அதற்குள் கொள்ளாது. அதில் 446 பைட் வழிகாட்டும் புரோகிராம், 64 பைட் டிஸ்க்கில் எந்தப் பகுதி (பார்ட்டிஷன்) எங்கே தொடங்குகிறது என்ற பட்டியல், கடைசி 2 பைட் "இது பூட் செக்டார்தான்" என்ற அடையாள முத்திரை. இதைத் தவிர ஒவ்வொரு பார்ட்டிஷனின் தொடக்கத்திலும் அதற்கென்று தனி பூட் செக்டார் உண்டு.

"பார்மட் அடிச்சா எல்லாம் போயிடும்ணே" என்பது நம் பக்கத்துக் கடைகளில் வேதவாக்கு. சி டிரைவை மட்டும் பார்மட் அடித்தால் அந்தப் பார்ட்டிஷன்தான் புதிதாகும். அதற்கு வெளியே, டிஸ்க்கின் தலைமாட்டில் இருக்கும் எம்பிஆரை அது தொடாது. வீட்டுக்குள் வெள்ளையடித்துவிட்டு, வாசல் திண்ணையில் படுத்திருப்பவனை அப்படியே விட்ட கதை.

7.2 இது புதுத் திருட்டு அல்ல

ஐபிஎம் கம்ப்யூட்டரைத் தாக்கிய முதல் வைரஸே பூட் செக்டார் வைரஸ்தான். 1986-ல் லாகூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாசித், அம்ஜத் ஆல்வி சகோதரர்கள் எழுதிய 'பிரெய்ன்'. 360 கேபி ஃபிளாப்பியின் பூட் செக்டாரில் உட்கார்ந்து, உள்ளே தங்கள் கடை விலாசத்தையும் போன் நம்பரையும் எழுதி வைத்திருந்தது. அதன் சாமர்த்தியம் இன்னொன்று. வைரஸ் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பூட் செக்டாரைப் படித்துப் பார்த்தால், ஒளித்து வைத்த நல்ல பிரதியை எடுத்துக் காட்டிவிடும். பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். ஆஃப்லைன் ஸ்கேன் ஏன் வேண்டும் என்று பின்னால் சொல்லும்போது இந்தத் தந்திரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் நாட்டிலும் ஒன்று இருந்தது. 1990-ல் வெளிப்பட்ட 'ஜோஷி' வைரஸ், ஜனவரி 5 அன்று கம்ப்யூட்டரை நிறுத்தி வைத்து, "ஹேப்பி பர்த்டே ஜோஷி" என்று தட்டச் சொல்லும். தட்டினால்தான் நகரும். அடுத்து வந்த 'மைக்கேல்ஏஞ்சலோ'வுக்கு விளையாட்டு கிடையாது. மார்ச் 6 அன்று டிஸ்க்கின் முன்பகுதியை அழித்துவிடும். 1992-ல் உலகமே அந்தத் தேதிக்குப் பயந்தது. புனேயின் குவிக் ஹீல், சென்னையின் கே7 போன்ற நம்மூர் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் தலையெடுத்தது அந்த ஃபிளாப்பி வைரஸ் காலத்தில்தான்.

ஃபிளாப்பி போனதும் இந்தக் கதை முடியவில்லை. 2017 ஜூன் 27 அன்று உலகைச் சுற்றிய 'நாட்பெட்யா' எம்பிஆரைத் தன் புரோகிராமால் எழுதி மூடியது. ரீஸ்டார்ட் ஆனதும் டிஸ்க் பரிசோதனை நடப்பதுபோல் பொய்த்திரை காட்டிவிட்டு ஃபைல் பட்டியலைப் பூட்டியது. மும்பையின் ஜவஹர்லால் நேரு துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்திய கன்டெய்னர் முனையமே அதனால் முடங்கியது. அது பென்டிரைவில் வரவில்லை, நெட்வொர்க் வழியாக வந்தது. போய் உட்கார்ந்த இடம் மட்டும் அதே பழைய 512 பைட்.

7.3 முதலில் உங்கள் கம்ப்யூட்டர் எந்த வகை?

ஸ்டார்ட் மெனுவில் 'சிஸ்டம் இன்ஃபர்மேஷன்' என்று தேடித் திறந்து, இரண்டு வரிகளைப் பாருங்கள்.

1. 'பயாஸ் மோட்': 'லெகஸி' என்று இருந்தால் பழைய முறை. மேலே சொன்ன எம்பிஆர் கதை முழுவதும் உங்களுக்குப் பொருந்தும்.
2. அதே வரியில் 'யூஇஎஃப்ஐ' என்று இருந்தால் புதிய முறை. அடுத்ததாக 'செக்யூர் பூட் ஸ்டேட்' வரி 'ஆன்' என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

புதிய முறையில் வழிகாட்டும் புரோகிராம் எம்பிஆரில் இருக்காது. அதற்கென்று ஒதுக்கிய ஒரு சிறு பார்ட்டிஷனில் ஃபைலாக இருக்கும். செக்யூர் பூட் ஆனில் இருந்தால், முறையான டிஜிட்டல் கையெழுத்து உள்ள புரோகிராமைத்தான் கம்ப்யூட்டர் ஓட்டும். பழைய எம்பிஆர் வைரஸ் இங்கே பலிக்காது. அதற்காகக் காலை நீட்டிப் படுத்துவிட வேண்டாம். செக்யூர் பூட்டையே ஏமாற்றும் 'பிளாக்லோட்டஸ்' என்ற பூட்கிட் (விண்டோஸுக்கு முன்பே எழும் வைரஸ்) 2023-ல் வெளிச்சத்துக்கு வந்தது. ஏற்கெனவே திருத்தம் வந்துவிட்ட ஒரு ஓட்டையைத்தான் அது பயன்படுத்தியது. செக்யூர் பூட்டுக்காக 2011-ல் வழங்கிய சான்றிதழ்களும் 2026 ஜூன் முதல் காலாவதியாகும் வகையில் அமைந்தவை. புதியவை பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட் வழியாக வருகின்றன. ஆகவே நெட் டேட்டா தீர்ந்துவிடும் என்று அப்டேட்டை நிறுத்தி வைத்திருக்கும் கடைக்காரர்கள் இன்றே அதைத் திறந்துவிடுங்கள்.

ஓர் எச்சரிக்கை: லெகஸியில் நிறுவிய விண்டோஸ் இருக்கும்போது, பயாஸில் (விண்டோஸ் எழும் முன் திறக்கும் செட்டிங் திரை) போய் யூஇஎஃப்ஐ என்று மாற்றிவிடாதீர்கள். டிஸ்க்கின் அமைப்பை மாற்றாமல் அதை மட்டும் மாற்றினால் விண்டோஸ் எழாது.

7.4 ஆன்டிவைரஸில் டிக் போட வேண்டிய இடம்

ஒரே மாதிரிப் பெயரில் மூன்று வசதிகள் இருப்பதால் பலர் குழம்புகிறார்கள்.

பூட் செக்டார் ஸ்கேன்: விண்டோஸ் ஓடும்போதே, ஃபைல்களோடு சேர்த்து முதல் செக்டாரையும் படித்துப் பார்ப்பது. சில நொடி வேலை.

பூட் டைம் ஸ்கேன்: கம்ப்யூட்டர் எழும் வழியில், விண்டோஸ் முழுதாகத் திறக்கும் முன் ஸ்கேன் ஓடுவது. குவிக் ஹீலிலும் அவாஸ்ட்டிலும் இந்தப் பெயரிலேயே இருக்கிறது.

ஆஃப்லைன் ஸ்கேன்: உங்கள் விண்டோஸை எழுப்பாமல், தனிச் சூழலில் கம்ப்யூட்டரை எழுப்பி ஸ்கேன் செய்வது.

முதல் வகையை அமைக்கும் முறை ஒவ்வொரு ஆன்டிவைரஸிலும் வேறு. இசெட் என்றால் எஃப்5 அழுத்தி அட்வான்ஸ்டு செட்டப்பைத் திறந்து, ஸ்கேன் பகுதியில் 'திரெட்சென்ஸ்' என்பதற்குள் போனால், ஸ்கேன் செய்ய வேண்டியவற்றின் பட்டியலில் 'பூட் செக்டார்ஸ்/யூஇஎஃப்ஐ' இருக்கும். டிக் இருக்கிறதா பாருங்கள். காஸ்பர்ஸ்கியில் ஸ்கேனுக்குரிய இடங்களின் பட்டியலில் சிஸ்டம் மெமரிக்குப் பக்கத்திலேயே 'டிஸ்க் பூட் செக்டார்ஸ்' என்று இருக்கும். வேறு ஆன்டிவைரஸ் வைத்திருப்பவர்கள் ஸ்கேன் செட்டிங்கில் 'பூட்' என்ற சொல்லைத் தேடுங்கள். ஸ்கேன் வகைகள் பலவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் டிக் தனித்தனி; குவிக் ஸ்கேனில் போட்டது கஸ்டம் ஸ்கேனுக்கு வராது. முக்கால்வாசிப் பேர் கோட்டைவிடுவது இங்கேதான்.

விண்டோஸோடு வரும் டிஃபெண்டரின் திரைகளில் இப்படித் தனி டிக் கிடையாது. அதன் கட்டளைக் கருவியில் கஸ்டம் ஸ்கேன் கொடுக்கும்போது 'பூட்செக்டார்ஸ்கேன்' என்று சேர்க்கும் வசதி உண்டு. கருப்புத் திரையில் கட்டளை தட்டத் தயங்குகிறவர்கள் அடுத்த பகுதியில் உள்ள ஆஃப்லைன் ஸ்கேனைப் பயன்படுத்தினால் போதும்.

இன்னொரு செட்டிங்கும் முக்கியம். வைரஸ் கிடைத்தால் என்ன செய்வது என்ற இடத்தில், 'தானாக நீக்கு' என்பதற்குப் பதில் 'என்னைக் கேள்' என்று வைக்க முடிந்தால் வையுங்கள். கெட்ட ஃபைலை நீக்கினால் ஒரு ஃபைல் போகும். பூட் செக்டாரில் தவறாகக் கைவைத்தால் மொத்த டிஸ்க்கும் திறக்காமல் போகலாம்.

7.5 திருடன் எழும் முன் தேடுங்கள்

பிரெய்ன் செய்த தந்திரத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல் செக்டாரில் இருக்கும் வைரஸ், விண்டோஸுக்கும் ஆன்டிவைரஸுக்கும் முன்னால் எழுந்துவிடுகிறது. பிறகு வந்த ஆன்டிவைரஸ் "முதல் செக்டாரைக் காட்டு" என்று கேட்டால், நல்ல பிரதியைக் காட்டி அனுப்பிவிடும். 2010 வாக்கில் பரவிய 'டிடிஎல்4' என்ற பூட்கிட்டும் இதையேதான் செய்தது. ஆகவே அதை எழவிடாமல் தேட வேண்டும்.

டிஃபெண்டரில் செய்யும் முறை:

1. திறந்திருக்கும் வேலைகளை சேவ் செய்யுங்கள். பென்டிரைவ்களை உருவிவிடுங்கள்.
2. பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதி) போட்ட கம்ப்யூட்டர் என்றால் 48 இலக்க ரெகவரி கீ கையில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள்.
3. 'விண்டோஸ் செக்யூரிட்டி', அதில் 'வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்ஷன்', அதில் 'ஸ்கேன் ஆப்ஷன்ஸ்' போங்கள்.
4. 'மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்' என்பதைத் தேர்ந்து 'ஸ்கேன் நவ்' அழுத்துங்கள்.
5. கம்ப்யூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகி, வேறு திரையில் ஸ்கேன் ஓடும். சுமார் கால் மணி நேரம். பழைய டிஸ்க் என்றால் இன்னும் கூடலாம்.
6. முடிந்து விண்டோஸ் வந்ததும் 'புரொடெக்ஷன் ஹிஸ்டரி'யில் முடிவைப் பாருங்கள்.

இதற்கு நடுவில் கரண்ட் போகக் கூடாது. டெஸ்க்டாப் என்றால் யூபிஎஸ்ஸில் போடுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரோடு போடுங்கள். யூபிஎஸ் பேட்டரி செத்துக் கிடக்கும் கடையில் பட்டப்பகலில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம்.

7.6 வழி கேட்கும் வரிசை

ஜெராக்ஸ் கடைத் தம்பியின் கம்ப்யூட்டர் ஏன் பென்டிரைவிடம் வழி கேட்டது? எப்போதோ ஓஎஸ் போட்ட மெக்கானிக், பென்டிரைவிலிருந்து விண்டோஸ் ஏற்றுவதற்காக பயாஸில் யூஎஸ்பியை முதலிடத்துக்கு மாற்றிவிட்டு, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கவில்லை. நம் பகுதியில் பாதிக் கடைகளில் இதே நிலையைத்தான் பார்த்திருக்கிறேன்.

கம்ப்யூட்டரைப் போட்டவுடன் டெலீட் அல்லது எஃப்2 பட்டனை விட்டு விட்டு அழுத்துங்கள்; பயாஸ் திறக்கும். பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். முதல் திரையின் ஓரத்தில் எழுதியிருக்கும். 'பூட்' பகுதியில் ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டியை முதலிடத்தில் வைத்து, யூஎஸ்பியைக் கடைசிக்குத் தள்ளுங்கள் அல்லது நீக்கிவிடுங்கள். பயாஸுக்கு ஒரு பாஸ்வேர்டும் போடுங்கள். அதை எழுதிக் கடையின் கணக்கு நோட்டில் வையுங்கள், மறந்தால் அவஸ்தை.

இவ்வளவு செய்தும், கரண்ட் போய் வந்தால் வரிசை பழையபடி மாறுகிறதா? தேதி, நேரமும் பின்னால் போகிறதா? மதர்போர்டில் நாணயம் மாதிரி இருக்கும் சிஆர்2032 பேட்டரி தீர்ந்துவிட்டது. அதை மாற்றுங்கள். தேதி தவறாக இருந்தால் ஆன்டிவைரஸ் அப்டேட்டும் ஒழுங்காக இறங்காது.

7.7 பென்டிரைவ் வாங்கும் கவுண்டர்

விசேஷ வீட்டுப் போட்டோ, பள்ளிச் சான்றிதழ், படகுப் பதிவுத் தாள் என்று தினமும் பத்துப் பென்டிரைவாவது நம் கடைகளுக்கு வரும். இன்று அவற்றில் அதிகம் பார்ப்பது ஃபோல்டரை ஒளித்துவிட்டு ஷார்ட்கட்டைக் காட்டும் வைரஸ். அது பூட் செக்டாரில் இருப்பதில்லை, ஃபைல் வைரஸ்தான். அதற்கு ரைட் கிளிக் ஸ்கேனே போதும். அதே ரைட் கிளிக் ஸ்கேன் பென்டிரைவின் பூட் செக்டாரையும் பார்த்துவிட்டது என்று மட்டும் நினைக்க வேண்டாம். அதற்கு 7.4-ல் சொன்ன டிக் போட்ட கஸ்டம் ஸ்கேனில் பென்டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால் ஒன்றை மட்டும் பென்டிரைவுக்கு ஒதுக்குங்கள். கடைக் கணக்கு, வாடிக்கையாளர் ஆதார் நகல் எதுவும் அதில் வேண்டாம். கவுண்டரில் வேலை செய்பவருக்கு அட்மின் உரிமை இல்லாத தனி யூசர் கணக்கு கொடுங்கள். விண்டோஸுக்குள்ளிருந்து முதல் செக்டாரில் எழுத அட்மின் உரிமை வேண்டும். அந்த உரிமை இல்லாத கணக்கில் நுழைந்த வைரஸுக்கு அந்தக் கதவு சுலபத்தில் திறக்காது.

7.8 பூட் வைரஸ் கிடைத்துவிட்டால்

முதலில் காப்பி, பிறகு வைத்தியம். டிஸ்க்கை வேறு கம்ப்யூட்டரில் கூடுதல் டிஸ்க்காக இணைத்தோ, லினக்ஸ் பென்டிரைவில் எழுப்பியோ, முக்கிய ஃபைல்களை எடுத்துவிடுங்கள். 'டெஸ்ட்டிஸ்க்' என்ற இலவசக் கருவியால் பார்ட்டிஷன் பட்டியலைச் சேமித்து வைக்கலாம். அதன் பிறகு ஆன்டிவைரஸையே சரிசெய்ய விடுங்கள்.

எடுத்த எடுப்பிலேயே எம்பிஆரைப் புதிதாக எழுதும் கட்டளையைத் தட்டுவது சிலருக்குக் கைப்பழக்கம். 1990-களில் 'மங்கி' என்ற வைரஸ் பார்ட்டிஷன் பட்டியலை எடுத்துப் பூட்டி வேறு இடத்தில் வைத்திருந்தது. வைரஸ் இருக்கும்வரை டிஸ்க் திறந்தது. எம்பிஆரைப் புதிதாக எழுதியவர்களுக்கு வைரஸோடு டிஸ்க்கும் போனது.

நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் மாணவர்களுக்குத் தமிழக அரசு கொடுத்த லேப்டாப்கள் இன்னும் பல வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்த மாடல்கள் அதில் உண்டு. பழைய முறையில் இப்படி இரண்டு ஓஎஸ் இருந்தால், எதற்குள் நுழைவது என்று கேட்கும் 'கிரப்' புரோகிராம் அந்த முதல் செக்டாரிலிருந்துதான் தொடங்குகிறது. அதைப் பார்த்து "எம்பிஆர் மாறியிருக்கு, வைரஸ்" என்று பயந்து புதிதாக எழுதினால், லினக்ஸுக்குள் போகும் வழி அடைபடும். 'மாறியிருக்கிறது' என்ற எச்சரிக்கை வேறு, வைரஸ் பெயரோடு வரும் எச்சரிக்கை வேறு. பெயர் இல்லாத எச்சரிக்கைக்கு அவசரப்பட வேண்டாம்.

7.9 உப்புக்காற்றும் வைரஸும்

கடலோரத்தில், எழாத கம்ப்யூட்டரெல்லாம் வைரஸ் பிடித்தது அல்ல. பயாஸைத் திறந்து, டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் ஆன்டிவைரஸுக்கு அங்கே வேலையில்லை. கேபினெட்டைத் திறந்து சாட்டா கேபிளின் இரு முனையையும் கழற்றிப் பாருங்கள். உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்தால் கேபிளை மாற்றுங்கள். பெயர் தெரிந்தும் எழவில்லை என்றால் பூட் வரிசை, அதன் பிறகே பூட் செக்டார். இந்த வரிசையில் போனால் வீணாக பார்மட் அடிக்க வேண்டிவராது.

7.10 நாள் குறித்துக்கொள்ளுங்கள்

வாரம் ஒருமுறை, கடை அடைக்கும் நேரத்தில் பூட் செக்டார் டிக் போட்ட ஸ்கேன். மாதம் ஒருமுறை ஆஃப்லைன் ஸ்கேன். தேவிபட்டினத்துக் கடைகளுக்கு நான் சொல்வது அமாவாசைக்கு முந்தின நாளின் முந்தின நாள்: கூட்டம் இன்னும் வந்திருக்காது, கோளாறு தெரிந்தால் சரிசெய்ய ஒரு நாள் கையில் இருக்கும்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி தன் மானிட்டரின் ஓரத்தில் ஒரு சீட்டை லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார். நீங்களும் ஒட்டிக்கொள்ளலாம்:

கரண்டு போச்சா? பென்டிரைவை உருவு.
உருவின பிறகு பட்டனை அழுத்து.
கருப்பா நின்னா பயாஸைப் பாரு.
பார்மட் கடைசி.